கையளவு கார்டு வேன்

"என்னடி இது, வத்திக்குச்சியை எண்ணி அடுக்கி அனுப்பியிருக்கான் உன் தம்பி?" என்று கேட்டாள் அம்மா.

அமெரிக்காவிலிருந்து வந்த அட்டைப் பெட்டியைத் திறந்ததும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மெல்லிய மரத் தகடுகள், தீக்குச்சி கனத்தில் கட்டைகள், சுருண்ட கம்பி, பொட்டு டப்பா அளவு பையில் என்னென்னவோ உலோகத் துணுக்குகள், கூடவே பெரிய தாளில் ஒரு படம். அந்தப் படத்தில் இருந்தது ஒரு ரயில் பெட்டி. சிவப்பு நிறம், இரண்டு பக்கமும் சின்ன வராந்தா, கூரை மேல் புறாக்கூண்டு போல ஒரு ஜன்னல் வைத்த மாடம். 'கபூஸ்' என்று பெயராம். அங்கே சரக்கு ரயிலின் கடைசியில் கோத்துக்கொண்டு போகும் கார்டு வண்டி. மரத்தில் செய்யும் மாடல். எல்லாத் துண்டுகளையும் நாமே வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் அடிக்க வேண்டும்.

"அப்பாவுக்குப் பொழுது போகும் அக்கா" என்று தம்பி போனில் சொன்னான். அப்பா அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்கப்பா கூட்ஸ் கார்டாக இருந்தவர். 1965-ல் வேலைக்குச் சேர்ந்து 2003-ல் ஓய்வு பெற்றார். நாங்கள் வளர்ந்ததெல்லாம் சேலம் சூரமங்கலத்தில், ஜங்ஷன் பக்கத்துக் குடியிருப்பில். ராத்திரி ஒரு மணிக்குக் கதவு தட்டி 'கால் புக்' நீட்டுவார்கள். அம்மா எழுந்து அடுப்பை மூட்டுவாள். புளிச்சோறும் துவையலும் கேரியரில் ஏறும். ஜோலார்பேட்டையோ ஈரோடோ, போனவர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. என் கல்யாணத்துக்கு முதல் நாள்கூட அவர் ஏதோ ஒரு ஸ்டேஷன் லூப் லைனில் சிக்னலுக்குக் காத்துக்கொண்டு நின்றவர்தான்!

இப்போது வயது எண்பத்திரண்டு. அம்மாவும் அவரும் நாமக்கல்லில் என்னோடுதான் இருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு காலைப் பொழுது, காபி குடித்துக்கொண்டிருந்தவரின் வாயோரம் காபி வழிந்தது. டம்ளர் கை நழுவி விழுந்தது. "என்னங்கப்பா?" என்றால் குழறலாக ஏதோ வருகிறது.

சகோதரிகளே, அன்று நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஏதோ பித்தம், மயக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்தேன். தைலம் தேய்த்தேன். சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றினேன். என்னவர் பட்டறையிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன். இரண்டரை மணி நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், படம் எடுத்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, கையை உயர்த்தச் சொன்னால் ஒரு கை இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா... இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். இதை அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தால்!

வலது கை, வலது கால் தளர்ந்தன. பேச்சும் போயிற்று. கால் மூன்று மாதத்தில் ஊன்றுகோல் பிடிக்கும் அளவுக்குத் தேறியது. பேச்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொற்கள் வந்தன. கைதான் மசியவில்லை. பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த பெண், துணி காயப்போடும் கிளிப்புகள் பத்துப் பன்னிரண்டைக் கொடுத்து, "தாத்தா, கட்டை விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் அழுத்தி அழுத்தி இந்தக் கயித்துல மாட்டணும். தினம் ரெண்டு வேளை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் கிளிப்புகளை இடது கையால் தட்டிவிட்டார். நாற்பது வண்டி கூட்ஸை இழுத்துக்கொண்டு போன மனிதரிடம் கிளிப்பைக் கொடுத்து விளையாடச் சொன்னால் கோபம் வராதா? (வண்டியை இழுப்பது இன்ஜின்தான். ஆனால் எந்தக் கார்டும் 'என் வண்டி' என்றுதான் சொல்வார்!)

வந்த பொருளை வீணாக்க மனசில்லாமல் நானே உட்கார்ந்தேன். மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்த பிறகு, கூடத்து ஜன்னல் ஓரம், அப்பாவின் நாற்காலிக்கு எதிரே மேஜையைப் போட்டேன்.

இந்த வேலைக்குக் கடை கடையாக ஏறிச் சாமான் வாங்க வேண்டியதில்லை. நம் வீட்டில் இருப்பதே போதும். புருவம் திருத்தும் இடுக்கி, புது பிளேடு, நகம் தேய்க்கும் பட்டை, ஊசி, அடி ஸ்கேல், பூதக்கண்ணாடி. பிளேடால் ஒரே அழுத்தாக வெட்டினால் மரம் பிளந்துவிடும். ஸ்கேலை ஒட்டி மெதுவாக நாலைந்து முறை இழுத்தால் சுத்தமாக வரும். பிளேடு போகும் பாதையில் விரலை வைக்காதீர்கள். ஒட்டுவதற்குத் தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசை. அதைப் பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு வைத்தால் போதும்.

தாளில் உள்ள அளவெல்லாம் நிஜ வண்டியில் எண்பத்தேழில் ஒரு பங்கு. நிஜத்தில் ஓர் அடி இங்கே மூன்றரை மில்லிமீட்டர். முப்பது அடி வண்டி பத்தரை சென்டிமீட்டரில், என் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

முதல் நாள் அடித்தளம். இரண்டாம் நாள் பக்கச் சுவர்கள். பலகை பலகையாக அடித்தது போலத் தெரிய, மரத்தகட்டில் வரி வரியாகக் கீறியே கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அவசரம். சுவர்களை ஒட்டும் முன்பே வெளிப்பக்கம் சிவப்பு வர்ணத்தைத் தண்ணீர் கலந்து பூசி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால், பொரித்த அப்பளம் மாதிரி இரண்டும் வளைந்து கிடக்கின்றன!

"அய்யய்யோ!" என்று நான் தலையில் கை வைத்தபோது எதிரே நாற்காலியில் ஓர் அசைவு. அப்பா இடது கை விரல்கள் இரண்டை நிமிர்த்திக் காட்டினார்.

"ரெ... ரெண்டு... பக்கம்."

ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் மரம் இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் பூச வேண்டும். ரயிலில் இருந்தவருக்கு இது தெரிந்ததில் ஆச்சரியமில்லை, அவருடைய அப்பா தச்சு வேலை செய்தவர். எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை. உள்பக்கத்தை ஈரத் துணியால் ஒற்றி, இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே வைத்து, மேலே அம்மாவின் சேலத்துக் கல்சட்டியை ஏற்றினேன். வத்தக்குழம்பு வைக்க அம்மா இரண்டு நாள் சட்டி இல்லாமல் தவித்தாள். சுவர் நிமிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தத் துண்டானாலும் முதலில் இரண்டு பக்கமும் 'சீலர்' பூசி, காய்ந்ததும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, அப்புறம்தான் வர்ணம்.

சுவரை ஒட்டிப் பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்க ஏதாவது வேண்டுமே! என் பார்வை போன இடத்துக்கே அப்பாவின் பார்வையும் போயிற்று. அலமாரி மேல், பிளாஸ்டிக் டப்பாவில், அந்தத் துணிக் கிளிப்புகள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை மேஜை மேல் வைத்தேன். மூலையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அப்பா, எனக்குக் கை காலியில்லீங்கப்பா. ஒரு கிளிப் மாட்டி விடுங்க" என்றேன். உண்மையில் எனக்கு அப்போது கை காலியில்லைதான். முதலில் இடது கை வந்தது. கிளிப்பை எடுத்தது. பிறகு வலது கையைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடுங்கின. கிளிப் மூன்று முறை தெறித்துத் தரையில் விழுந்தது. நாலாவது முறை கவ்விக்கொண்டது. கோணலாகத்தான். அந்தக் கோணல் கிளிப்பை நான் மறுநாள் வரை எடுக்கவில்லை.

அன்றைக்கு ஒன்பது கிளிப். பயிற்சி கொடுக்கும் பெண் வந்தபோது, "நீங்க சொன்னதைச் செய்றார்ம்மா" என்று மட்டும் சொன்னேன். ஒரே வேலையை, அதுவும் உபயோகமான வேலையை, திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் கை பழகும் என்றாள் அவள். ஒரு வாரத்தில் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்றும் சொன்னாள்.

புறாக்கூண்டு மாடம்

கூரை மேல் உள்ள அந்த மாடம்தான் இந்த அமெரிக்க வண்டியின் அழகு. எதற்கு அது? தாளில் எழுதியிருந்ததை நான் படித்துத் தமிழில் சொன்னேன். "உள்ளே உயரமான இருக்கை இருக்குமாம்ப்பா. அதுல ஏறி உட்கார்ந்து முன்னால போற பெட்டி வரிசையைப் பார்ப்பாங்களாம். சக்கரத்துப் பக்கம் புகை வருதான்னு..."

"ஹாட் ஆக்சில்" என்றார் அப்பா.

குழறாமல், நிறுத்தாமல், இரண்டு சொல்! அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். அச்சு சூடாகிப் புகைந்து முறிந்தால் வண்டி கவிழும். வளைவில் தலையை நீட்டி அதைத்தான் பார்த்துக்கொண்டே வருவார்களாம் கார்டுகள். பேச்சு தடைப்பட்டவர்களுக்கு, வாழ்நாளெல்லாம் புழங்கிய தொழில் வார்த்தை சில சமயம் இப்படித் திடுமென்று வந்துவிடும் என்று டாக்டர் பிறகு சொன்னார். எப்போதும் வராது. மறுநாள் 'தண்ணி' என்ற வார்த்தைக்கு அப்பா ஐந்து நிமிஷம் திண்டாடினார்.

கைப்பிடிக் கம்பிகள்தான் பொறுமையைச் சோதித்த வேலை. ஏணி, படிக்கட்டு, கதவோரம் என்று இருபதுக்கு மேல். ஒவ்வொன்றும் பித்தளைக் கம்பியை 'ப' மாதிரி வளைத்து, ஊசியால் துளை போட்டு, நுழைத்து, உள்ளே ஒட்ட வேண்டும். கொடுத்திருந்த கம்பியில் பாதியை நான் முறித்தே தீர்த்தேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் சிநேகிதி வீட்டில் கேட்டு, தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பி ஒரு முழம் வாங்கி வந்தேன். கொலுசுக்குக் கண்ணி வளைக்கிற அவர்கள் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். கம்பியைத் தணலில் காட்டி ஆறவிட்டால் மெத்தென்று ஆகிவிடும், முறியாது. அளவு மாறாமல் இருக்க, ஒரு சின்னப் பட்டைக் கட்டையில் சுற்றி வளைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கம்பியை ஒட்ட உடனடிப் பசை உபயோகித்தேன். விரலும் விரலும் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், தோல் வந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும். வர்ணமும் தின்னரும் திறக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். இழுப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வேண்டாம்.

ஒன்றரை மாதத்தில் சிவப்புக் கபூஸ் முடிந்தது. கருப்புக் கூரை, மஞ்சள் கைப்பிடி. உள்ளே கணப்பு அடுப்புக்கு ஒரு புகைக்குழாய்கூட உண்டு. அங்கே குளிருக்கு அடுப்பு, படுக்கைப் பலகை, மேஜை எல்லாம் வைத்து, ஆட்கள் அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்திருக்கிறார்கள். 1980-களில் இந்த வண்டிகள் அங்கே மெல்ல மெல்லக் காணாமல் போய்விட்டன. கடைசிப் பெட்டியில் மாட்டும் ஒரு கருவி பிரேக் அழுத்தத்தை இன்ஜினுக்கு வானொலியில் சொல்லிவிடுகிறது. சிவப்பு விளக்கும் அதிலேயே மினுக்குகிறது. அப்புறம் கார்டு வண்டி எதற்கு? நம் ஊரிலும் அந்த மாதிரிக் கருவி வரத் தொடங்கிவிட்டது. 2022 ஜனவரியிலிருந்து கார்டு என்ற பெயரும் இல்லை, 'டிரெயின் மேனேஜர்' என்கிறார்கள். இதைச் சொன்னபோது அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

முடிந்த வண்டியைத் தம்பி அனுப்பிய சின்னத் தண்டவாளத்தில் வைத்தேன். அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார், இல்லை என்று.

"நல்லா இல்லீங்களாப்பா?"

"நல்லா... இருக்கு. நம்...து இல்ல."

பேரனின் சிலேட்டை வாங்கி, இடது கையால் 5-6 என்று எழுதினார். எனக்குப் புரியவில்லை. அம்மாதான் சொன்னாள். "அஞ்சடி ஆறங்குலம்டி. பிராட்கேஜ்."

நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. அமெரிக்கப் பாதை 1,435 தான். மாடலில் அது பதினாறரை மில்லிமீட்டர். நம்முடையது என்றால் பத்தொன்பதும் கொசுறும் வர வேண்டும். மூன்று மில்லிமீட்டர் கூடக் குறைய இருப்பதை எண்பத்திரண்டு வயதுக் கண் பார்த்துவிட்டது, பாருங்கள்!

கோலமாவில் ஒரு வண்டி

அப்பாவின் வண்டியைச் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் தாள் ஏது? அளவு ஏது? தம்பி படம் தேடி அனுப்பினான். அப்பா அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். கூடத்து நடுவில் நின்று, காலால் தரையைத் தட்டினார். அங்கிருந்து அடி மேல் அடி வைத்து நடந்தார். நின்றார். மறுபடி தட்டினார். எனக்குப் புரிந்து, கோலமாவு டப்பாவை எடுத்து வந்து அவர் தட்டின இடமெல்லாம் புள்ளி வைத்தேன். நடுவில் அறை. இரண்டு பக்கமும் திறந்த வராந்தா. உட்காரும் இடத்துக்கு நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்து, முழங்கால் முட்டும் இடம் வரை கோடு போடச் சொன்னார். கை நீட்டினால் ஹேண்ட் பிரேக் சக்கரம். தலை நிமிர்த்தினால் வேக்குவம் காட்டும் கடிகாரம். அந்த ஒரு நாளில் அவர் நடந்த நடை, அதுவரை ஒரு வாரத்தில் நடந்ததைவிட அதிகம்.

புள்ளிகளைச் சேர்த்து முடித்தபோது எங்கள் கூடத்தில் முழு அளவில் ஒரு கார்டு வேன் கோலமாகக் கிடந்தது. சோபாவை வாசலுக்குத் தள்ளியிருந்தோம்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து கோட்டுக்கு வெளியே நின்றாள். கல்யாணமாகி ஐம்பத்தைந்து வருஷம், அவள் ஒரு நாளும் அந்த வேனுக்குள் ஏறியதில்லை. ஏறவும் கூடாது. சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கோடு அழியாமல் உள்ளே கால் வைத்தாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நாலு எட்டு. நின்றாள்.

"ஏனுங்க... இதுக்குள்ளயா ராத்திரி பூரா இருந்தீங்க?"

அப்பா தலையசைத்தார்.

"ஃபேன்?"

இல்லை.

"லைட்டு?"

கையில் லாந்தர் பிடிப்பது போலக் காட்டினார்.

"அப்ப... வெளிக்கு வந்தா?"

அப்பா சிரித்துவிட்டார். வண்டி ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்று கையால் காட்டினார். அம்மா சிரிக்கவில்லை. "நான் என்னடான்னா, இவருக்கென்ன ஜன்னலோரம் உக்காந்து ஊர் பாத்துக்கிட்டுப் போறாருன்னு நெனச்சு, வீட்டுக்கு வந்த அன்னைக்கெல்லாம் கரிச்சுக் கொட்டினேன்" என்றாள், என்னிடம் சொல்வது போல. அன்று சாயங்காலம் கோலத்தைத் துடைக்க விடவில்லை. இரண்டு நாள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். நான் ஒவ்வொரு கோட்டையும் டேப் வைத்து அளந்து, அடிக்கு மூன்றரை மில்லிமீட்டராகக் குறித்துக்கொண்டேன்.

கபூஸ் செய்து மீந்த கட்டைகளும் ஐஸ்கிரீம் குச்சிகளும் சட்டத்துக்கு ஆயின. நம் வேன் இரும்புத் தகடு அடித்தது. மரத்தின் ரேகை தெரியக்கூடாது. சீலரில் கொஞ்சம் முகப் பவுடரைக் குழைத்து மூன்று தடவை பூசித் தேய்த்தால் மரம் தகடு போல வழவழப்பாகிவிடும். நிஜச் சக்கரம் சுமார் ஒரு மீட்டர் குறுக்களவு. மாடலில் பதினொன்றரை மில்லிமீட்டர். ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் என்னவரின் சட்டைப் பொத்தான் ஏறக்குறைய அதே அளவு! நாலு பொத்தான், நாலு சக்கரம். ஓடாது, நிற்கும். அது போதும் என்றார் அப்பா. தண்டவாளத்தை ஒரு பலகை மேல் ஐந்தரை அடிக் கணக்கில், பத்தொன்பதே கால் மில்லிமீட்டர் விட்டு, நானே கம்பி வைத்து ஒட்டினேன்.

என்னவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதுபவர். நாமக்கல்லில் அதற்கா பஞ்சம்! அங்கே லாரிக்கு எழுத்து எழுதும் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார். "ஏனுங்க்கா, முன்னாடி 'தாய் தந்த வரம்', பின்னாடி 'ஒலி எழுப்பவும்', இப்படி முழ எழுத்து எழுதுற கையை அரிசி மேல எழுதச் சொல்றீங்களே!" என்று சிரித்தான். ஆனால் தூரிகையில் ரெண்டே மயிரை விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, செங்காவி வர்ணத்தின் மேல் வெள்ளையில் நம்பர் எழுதிவிட்டான். எந்த நம்பர் என்று கேட்டபோது அப்பா தயங்காமல் சிலேட்டில் எழுதிக் காட்டினார். அது என்ன கணக்கு என்று இன்றுவரை சொல்லவில்லை.

பின்பக்கம் தொங்கும் சின்னப் பலகையில் 'எல்.வி.' என்று எழுத வேண்டும். 'கடைசி வண்டி' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பகலில் அந்தப் பலகை, இரவில் சிவப்பு விளக்கு. வண்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பார்த்துத்தான், நடுவழியில் எந்தப் பெட்டியும் கழன்று நிற்கவில்லை, முழு வண்டியும் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார். அப்புறம்தான் பின்னால் வரும் வண்டிக்கு வழி. பழுதாகி நடுக்காட்டில் நின்றுவிட்டால், கார்டு இறங்கிப் பின்பக்கம் நடக்க வேண்டும். அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் விட்டு மூன்று. சக்கரம் ஏறினால் வெடிக்கும், வருகிற டிரைவர் பிரேக் போடுவார். இருட்டில், மழையில், ஒற்றை ஆளாக. இதையெல்லாம் அப்பா இரண்டு மூன்று நாளாகத் துண்டு துண்டாகச் சொன்னார். இடையில் வராத சொல்லுக்குச் சிலேட்டு.

விளக்குக்குச் சிவப்பு எங்கே போவது? வர்ணம் அடித்தால் உயிரில்லை. அம்மா உள்ளே போய் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைக் கொண்டு வந்தாள். கல் விழுந்த பழைய தோடு. மிச்சமிருந்த சிவப்புக் கல் ஒன்றை ஊசியால் நெம்பி எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்களே வைங்க."

இடுக்கி வலது கையில்தான் இருந்தது. இரண்டு முறை கல் உருண்டு பாய்க்கடியில் போய், நானும் பேரனும் தவழ்ந்து தேடினோம். மூன்றாவது முறை, பசைப் புள்ளியின் மேல் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி உட்கார்ந்தது. நேராக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

இந்த நவராத்திரிக்கு இரண்டு வண்டியும் எங்கள் வீட்டுக் கொலுவில், பார்க்குக்குப் பக்கத்தில் நின்றன. சுண்டலுக்கு வந்த குழந்தைகளுக்கெல்லாம் மாடம் வைத்த சிவப்பு வண்டிதான் பிடித்தது. அப்பாவுக்கு அதில் வருத்தமில்லை. அவருடைய வலது கை இன்னும் சட்டைப் பொத்தானைப் போடுவதில்லை. ஆனால் சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகிறது, பாதி வழியில் சிந்தினாலும்.

இங்கே நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே 2013-ல்தான். அப்பா ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் கழித்து. அவர் ஓட்டாத லைன். சில சாயங்காலம் கூட்ஸ் போகும் சத்தம் காற்றில் வரும். தலையைச் சாய்த்து, கடைசிச் சக்கரம் வரை கேட்பார்.

வேனுக்குள் லைன் பாக்ஸ் இல்லை என்று இப்போது புதுக் குறை. கொடி, விசில், கைவிளக்கு, டெட்டனேட்டர் எல்லாம் வைத்துக் கார்டு கொண்டுபோகும் பெட்டி அது. மாடலில் அவரைக்கொட்டை அளவுதான் வரும். போன வாரம் நான் ஒன்று செய்து கொடுத்தேன். அப்பா பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பூட்டு இல்லையாம்.